சின்னத்தாய் சொன்னதும் முருகேஸ்வரி சொன்னதும்

முருகேஸ்வரிக்கு ஐம்பத்திரண்டு வயது. சாந்தன்பாறைக்கு மேலே உள்ள ஒரு ஏலத்தோட்டத்தின் லயத்தில், தொழிலாளர்களின் வரிசை வீடுகளில், பிறந்தார். அதே லயத்தில் நாலு வீடு தள்ளி வாழ்க்கைப்பட்டார். தோட்டத்து ஸ்டோரில் காய்ந்த ஏலக்காயைத் தரம் பிரிக்கும் வேலை. தோட்டத்தின் உண்மையான பெயர் வேண்டாம், மணியம்பாறை என்று வைத்துக்கொள்கிறேன். அவர் பள்ளிக்கூடம் போக வேண்டிய வருடத்தில் தமிழ்ப் பள்ளிக்கு வாத்தியார் வரவில்லை. அதனால் அவருடைய அப்பா அவரை மலையாளப் பள்ளியில் கொண்டுபோய் விட்டார். ஏழாவது வரை அங்கே படித்தார். லயத்தில் அவர் வயதுக்காரர்களில் மலையாளம் எழுதப் படிக்கத் தெரிந்தவர் அவர் ஒருவர்தான்.

மலையாளம் காதில் விழுந்தால் இங்கே எல்லோருக்கும் ஓரளவு புரியும். பூப்பாறைச் சந்தையில் பேரம் பேசவும், ஜீப்பில் சண்டை போடவும் வரும். ஆனால் மேசைக்கு அந்தப் பக்கம் ஒருவர் பேனாவோடு உட்கார்ந்திருந்தால், தெரிந்த மலையாளமும் காதில் ஏறாது, வாயில் வராது. அப்போது முருகேஸ்வரியைக் கூப்பிடுவார்கள். வில்லேஜ் ஆபீஸ், ஆஸ்பத்திரி, போலீஸ் ஸ்டேஷன் எல்லாவற்றுக்கும் அவர்தான் கூட வர வேண்டும். முப்பது வருடமாக வேலை முடிந்த நேரத்திலும் விடுமுறை நாளிலும் இப்படிப் போய்க்கொண்டிருந்தார். ஒரு டீயைத் தவிர யாரிடமும் எதுவும் வாங்கியதில்லை.

அவருடைய மொழிபெயர்ப்புக்கு ஒரு முறை இருந்தது. அதே லயத்தில் வளர்ந்த நானே அதை வில்லேஜ் ஆபீசில் ஒருமுறை பார்த்தேன். நிலப் பட்டயத்துக்காகப் பதினோரு வருடமாக நடக்கும் ஒரு பெரியவர், ஆபீசரைப் பார்த்து, "உங்கப்பன் வீட்டு நெலத்தையா நா கேக்கேன்? செத்தப்புறம் எம் பொணத்துக்கா பட்டயம் குடுப்ப?" என்று கத்தினார். முருகேஸ்வரி ஆபீசரிடம் திரும்பி மலையாளத்தில், "சார், இவருக்கு வயசாகிவிட்டது. கொஞ்சம் சீக்கிரம் பார்த்துத் தரணும் என்கிறார்" என்றார். ஆபீசர் எரிச்சலோடு, இந்தத் தமிழ்ப் பாண்டிகளுக்கு வேறு வேலையே இல்லையா, தினமும் வந்து உயிரை எடுக்கிறார்கள் என்று ஏதேதோ சொன்னார். முருகேஸ்வரி பெரியவரிடம், "ரெண்டு வாரம் கழிச்சு வரச் சொல்றாரு சித்தப்பா" என்றார்.

பெரியவருக்குச் சந்தேகம். "அவரு சொன்னது நீளமா இருந்துச்சே?"

"மலையாளம் கொஞ்சம் நீளமாத்தான் இருக்கும்."

வெளியே வந்ததும் நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. "ரெண்டு பேரும் சொன்னத அப்படியே சொல்லியிருந்தா என்ன ஆகியிருக்கும்? அந்தாளு பேப்பரத் தூக்கிக் கடாசியிருப்பான். இவரு இன்னொரு பதினோரு வருசம் நடக்கணும்" என்றார். அதில் உண்மை இருந்தது. இப்படி இரண்டு பக்கமும் வார்த்தையின் முள்ளை எடுத்துவிட்டுத்தான் அவர் இத்தனை வருடம் காரியம் சாதித்துக் கொடுத்திருந்தார். முருகேஸ்வரி கூட வந்தால் வேலை நடக்கும் என்று எல்லோரும் சொன்னார்கள். ஏன் நடக்கிறது என்று யாரும் கேட்டதில்லை.

நான் சில வருடங்கள் வெளியில் எங்கெங்கோ திரிந்துவிட்டு ஊருக்கு வந்திருந்த சமயத்தில்தான் பஞ்சவர்ணம் செத்துப்போனார். இரண்டு வருடங்களுக்கு முந்தைய ஜூலை மாதம். நாலு நாளாகக் காற்றும் மழையும். அன்று காலையில் மாவட்டக் கலெக்டர், தோட்டங்களில் வெளிவேலை எதுவும் செய்யக் கூடாது என்று தடை போட்டிருந்தார். செய்தி எல்லோருடைய போனுக்கும் வந்துவிட்டது. இருந்தாலும் பெண்கள் வழக்கம்போல ஸ்டோர் முன்னால் போய் நின்றார்கள், யாராவது "இன்னைக்கு வேலை இல்லை" என்று வாயால் சொல்லட்டும் என்று. சூப்பர்வைசர் ஜிஜி ஓரமாகப் போய் மேனேஜரிடம் போனில் பேசினான். திரும்பி வந்து, பத்து மணிக்குமேல் காற்று அடங்கிவிடும், காய் பழுத்துக் கொட்டுகிறது, மேலே போங்கள் என்றான்.

பஞ்சவர்ணமும் சின்னத்தாயும் ஒரு நிரையில், அதாவது ஒரே செடி வரிசையில், காய் எடுத்தார்கள். பஞ்சவர்ணம், சின்னத்தாயின் அண்ணன் மனைவி. அண்ணன் இறந்த பிறகு மதினியும் நாத்தனாரும் ஒரே வீடாக இருந்து பஞ்சவர்ணத்தின் மகள் மோனிஷாவைப் படிக்க வைத்தார்கள். அந்த நிரையில் அன்று வேறு யாரும் இல்லை. மற்றவர்கள் சரிவில் கீழே இருந்தார்கள். பதினொரு மணி வாக்கில், மேலே நின்ற ஒரு பழைய மரத்தின் அடியிலிருந்து முறுக்கும் சத்தம் வருவதைச் சின்னத்தாய் கேட்டார். ஜிஜியிடம் சொன்னார். அரை மணி நேரத்தில் மரம் சாய்ந்தது. பஞ்சவர்ணம் அதன் அடியில் சிக்கிக்கொண்டார். ஜிஜிதான் முதலில் ஓடிவந்தான். கிளையை வெட்டி, அவரைத் தோளில் போட்டுக்கொண்டு, வழுக்கும் சரிவில் ஜீப் வரைக்கும் இறங்கினான். ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே உயிர் போய்விட்டது.

மத்தியானம் ஸ்டேஷனில் மொழி எடுத்தார்கள். வாக்குமூலத்தை இங்கே எல்லோரும் மலையாளத்தில் உள்ளபடி மொழி என்றுதான் சொல்வார்கள். கேசின் முதல் காகிதம் அதுதான். சின்னத்தாய் ஈரச் சேலையோடு பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் முருகேஸ்வரி. எதிரே எழுதும் போலீஸ்காரர்.

சின்னத்தாய் சொன்னது இது: "மரம் முனகுதுன்னு ரெண்டு தடவ சொன்னேன். இந்தா வெளிய நிக்கானே ஜிஜி, இவன்தான், மழைக்குப் பயந்தா வீட்ல இருந்துக்கிறணும், இந்த நிரைய முடிச்சிட்டுப் போங்கன்னு வெரட்டுனான். மேனேசர்ட்டப் போன்ல கேட்டுட்டுத்தான் எங்கள மேல ஏத்துனான். எம் மதினிய ரெண்டு பேருஞ் சேந்து கொன்னுட்டானுக. அப்படியே எழுதச் சொல்லுக்கா."

முருகேஸ்வரி வாசல் வழியாக வராந்தாவைப் பார்த்தார். ஜிஜி அங்கே நின்றுகொண்டிருந்தான். முப்பது வயதுகூட ஆகவில்லை. சட்டையெல்லாம் பஞ்சவர்ணத்தின் ரத்தம். யாரோ கொடுத்த டீ கிளாசைக் குடிக்காமல் கையில் வைத்திருந்தான். அவன் மனைவிக்கு எட்டாம் மாதம். முருகேஸ்வரி போலீஸ்காரரிடம் திரும்பி மலையாளத்தில் சொன்னார்: நாங்கள் வேலை செய்துகொண்டிருந்தோம், காற்று பலமாக அடித்தது, மரம் விழுந்தது, என் மதினி அதில் சிக்கிக்கொண்டார்.

அப்படியே எழுதினார்கள். எழுதியதைப் போலீஸ்காரர் வேகமாக வாசித்தார். சின்னத்தாய் எதையும் கேட்கிற நிலையில் இல்லை. காட்டிய இடத்தில் கையெழுத்துப் போட்டார். மொழிபெயர்த்தது யார் என்று அந்தக் காகிதத்தில் எங்கேயும் இல்லை.

"நா பொய் சொல்லல" என்று முருகேஸ்வரி பிறகு ஒருநாள் என்னிடம் சொன்னார். "அவ சொன்னதுல கொஞ்சத்த எடுத்து வச்சிட்டேன். ஆத்திரத்துல பேசுறா, நாளைக்கு ஆறிரும், அந்தப் பய உள்ள போயிருவான்னு நெனச்சேன். வழக்கமாச் செய்றதுதான்."

அன்று அவர் எடுத்து வைத்தது என்ன என்பது கொஞ்சம் கொஞ்சமாகத்தான் தெரிந்தது. தடை இருப்பதால் பெண்களை ஸ்டோர் பக்கமே இருக்கச் சொன்னதாகவும் அவர்களாகவே மேலே போனதாகவும் தோட்டத்துக்காரர்கள் சொன்னார்கள். விரட்டியதைப் பற்றி முதல் மொழியிலேயே ஒரு வார்த்தை இல்லையே என்று கேட்டார்கள். கீழே வேலை செய்த பெண்கள் மழைச் சத்தத்தில் ஒன்றும் கேட்கவில்லை என்றார்கள். காலையில் யார் போகச் சொன்னது என்று கேட்டபோது ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். அவர்கள் இருக்கும் வீடும் தோட்டத்துடையதுதான். கடைசியில் அஜாக்கிரதை என்று ஜிஜி மேல் மட்டும் ஒரு கேஸ் ஆனது. அவனுக்கு ஜாமீன் கிடைத்தது. மேனேஜர் பெயர் எங்கேயும் வரவில்லை.

மோனிஷா பாலக்காட்டில் பாலிடெக்னிக் படித்துக்கொண்டிருந்தாள். மலையாளத்தில் படித்து வளர்ந்தவள். அம்மா செத்து ஒரு வருடம் கழித்து, குற்றப்பத்திரிகை தாக்கலான செய்தி வந்ததும் முதல் மொழியைப் போனில் இறக்கி வாசித்தாள். அடுத்த பஸ்சில் ஊருக்கு வந்தாள். அத்தையைக் கூட்டிக்கொண்டு நேராக முருகேஸ்வரி வீட்டுக்குப் போனாள்.

முருகேஸ்வரி வாசலில் உட்கார்ந்து பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்தார். மோனிஷா நின்றுகொண்டே மலையாளத்தில் முழுவதும் வாசித்தாள். பிறகு தமிழில் கேட்டாள். "இதுல ஜிஜி வெரட்டுனது இல்ல. மேனேஜர் போன் இல்ல. மரம் முனகுனதே இல்ல. அத்தை சொன்னத நீங்க சொன்னீங்களா பெரியம்மா?"

"அவ சொன்னதத்தான் சொன்னேன்."

"அப்ப அத்தை சொல்லலையா?"

முருகேஸ்வரி கத்தியைக் கீழே வைக்கவில்லை. "அன்னைக்கி அவ அழுதுக்கிட்டே கெடந்தா. என்னத்தச் சொன்னா என்னத்த விட்டான்னு யாரு கண்டா."

மோனிஷா வாயைத் திறந்தாள். அதற்குள் சின்னத்தாய் அவள் கையைப் பிடித்தார். "இருக்கும்டி. அன்னைக்கி எனக்குப் புத்தி நெலையில இல்ல. வீட்டுக்கு வந்துதான் ஊரு பூராச் சொன்னேன். ஸ்டேஷன்ல சொன்னதா நெனச்சுக்கிட்டேன் போல. முருகேஸ்வரியக்கா ஏன் மறைக்கப் போகுது?"

அந்த இடத்தில் முருகேஸ்வரி உண்மையைச் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. பீன்சை அள்ளிக்கொண்டு உள்ளே போனார்.

அதற்குப் பிறகு சின்னத்தாய் மாறிப்போனார். மரம் முனகியதைப் பற்றி யார் கேட்டாலும் சொல்வதை நிறுத்தினார். வேலைக்கு நடுவில் திடீரென்று நின்று, பக்கத்தில் இருப்பவரிடம், "நா வாயத் தொறந்து சொன்னேனா, மனசுக்குள்ள சொன்னேனா? நீ என்ன நெனைக்க?" என்று கேட்பார். அவர்கள் என்ன சொல்ல முடியும்? ஸ்டேஷனில் சொல்லாமல் விட்டிருந்தால், மரத்தடியில் ஜிஜியிடமும் சொல்லாமல் விட்டிருக்கலாமே என்று அவருக்குத் தோன்ற ஆரம்பித்துவிட்டது. மோனிஷா போனில் சத்தம் போடுவாள். "நீங்க சொன்னீங்க அத்தை. அந்தப் பொம்பளதான் முழுங்கிருச்சு." சின்னத்தாய் போனை வைத்துவிடுவார். இதெல்லாம் அடுத்த வீட்டு முருகேஸ்வரிக்குத் தெரியும். லயத்தில் சுவருக்கு அந்தப் பக்கம் இருமினால்கூடத் தெரியும்.

இதற்கு நடுவில் உள்ளாட்சித் தேர்தல் பேச்சு வந்தது. வார்டு பெண்களுக்கு ஒதுக்கப்பட்டது. தோட்டத் தொழிற்சங்கத்தின் செயலாளர் பழனிச்சாமி ஒரு சாயங்காலம் முருகேஸ்வரி வீட்டுக்கு வந்தார். நானும் அங்கே இருந்தேன். பழனிச்சாமி கெட்ட மனிதர் இல்லை. சம்பள உயர்வுக்காக இரண்டு முறை ஜெயிலுக்குப் போனவர்.

"தங்கச்சி, நீ நின்னா எதிர்க்கட்சிக்காரன் பொண்டாட்டியே ஒனக்குத்தான் குத்துவா. போஸ்டர் ஒட்டுற பசை கூட மிச்சம்."

"எனக்கு எதுக்கண்ணே மெம்பர் வேலை?"

"இப்ப மட்டும் என்ன செய்ற? மெம்பரு சம்பளம் வாங்கிட்டுத் தூங்குறான், நீ வாங்காம ஆபீஸ் ஆபீஸா அலையுற." சிரித்துவிட்டு, டீயை ஒரு வாய் குடித்தார். "ஒண்ணே ஒண்ணு. ஜிஜியோட அப்பன் நம்ம கட்சிக் கிளையில இருக்கான். தோட்டத்துக்காரனும் இந்தத் தடவ ஒதுங்கி நிக்கேன்னுருக்கான். பஞ்சவர்ணம் கேசு அது பாட்டுக்கு நடக்கட்டும்."

"நா அந்தக் கேஸ்ல இல்லையே."

"அதத்தான் நானும் சொல்றேன். இல்லாமயே இரு."

அவர் போன பிறகு முருகேஸ்வரி வெகுநேரம் கிளாசைக் கழுவிக்கொண்டிருந்தார். மெம்பர் ஆக வேண்டும் என்று அவருக்கு ஆசை இருந்தது. அதை நான் குறையாகச் சொல்லவில்லை. முப்பது வருடம் மேசைக்கு இந்தப் பக்கமே நின்றவருக்கு ஒருமுறை அந்தப் பக்கம் உட்கார்ந்து பார்க்கத் தோன்றாதா?

அடுத்த மாதம் கோர்ட்டிலிருந்து ஒரு கிளார்க் போன் செய்தார். அங்கே வழக்கமாக மொழிபெயர்ப்பவர் உடம்பு சரியில்லாமல் விடுப்பில் இருந்தார். முன்பும் இரண்டு முறை முருகேஸ்வரிதான் போயிருந்தார். ஒரு தமிழ்ச் சாட்சியை விசாரிக்க வேண்டும், வர முடியுமா என்று கேட்டார். அது பஞ்சவர்ணத்தின் கேஸ் என்றும் சொன்னார். முருகேஸ்வரி வருகிறேன் என்றார்.

ஏன் ஒத்துக்கொண்டீர்கள் என்று நான் கேட்டேன்.

"வேற எவனாச்சும் வந்தா அவளப் போட்டுக் கொதறிருவான். நா இருந்தா கேள்வியக் கொஞ்சம் தணிச்சுக் கேக்கலாம். அவ பதிலையும் கொஞ்சம் நல்லா எடுத்துச் சொல்லலாம்."

அதாவது பழைய முறையிலேயே இதையும் சரி செய்துவிடலாம் என்று அவர் நம்பினார்.

விசாரணைக்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் ஜிஜி வந்தான். அவன் இப்போது அதே முதலாளியின் வேறொரு தோட்டத்தில் இருந்தான். உள்ளே வராமல் வாசல் படியில் நின்றான். ஏதோ பேச்சுக்கு, குழந்தை பேசத் தொடங்கிவிட்டது என்றான். பிறகு மலையாளம் கலந்த தமிழில் சொன்னான்.

"சேச்சி, எனக்குத் தமிழ் அறியும்னு உங்களுக்குத் தெரியுமில்லே. அன்னைக்கு ஸ்டேஷன் வராந்தாவுல நான் நின்னிருந்தேன். சின்னத்தாய் சேச்சி சொன்னது முழுக்கக் கேட்டேன். நீங்க சொல்லாததும் கேட்டேன்."

முருகேஸ்வரி அவனைப் பார்த்தார். அவனே தொடர்ந்தான். "நன்றி சொல்ல வரணும்னு எத்தன தடவ நெனச்சேன். நாணக்கேடா இருந்துச்சு."

"நீ வெரட்டுனியா?"

"வெரட்டினேன்."

"மேனேஜர் சொல்லித்தான?"

"காய் ஒண்ணுகூட மண்ணுல கிடக்கக் கூடாதுன்னு சொன்னாரு. கலெக்டர் வந்து காய் எடுத்துத் தருவாரான்னு கேட்டாரு."

"அத நீ கோர்ட்ல சொல்லு. நீ சொன்னா அவரும் மாட்டுவாரு. சின்னத்தாயும் பொழைச்சுக்கிருவா."

ஜிஜி தலையைக் குனிந்துகொண்டான். "வேலை தந்திருக்காரு சேச்சி. வக்கீலும் அவரோட ஆளு. நான் எப்படிச் சொல்லுவேன்?" கொஞ்சம் நின்றுவிட்டு, "சின்னத்தாய் சேச்சிக்குப் பைத்தியம் மாதிரி ஆச்சுன்னு கேட்டேன். சரியா?" என்றான்.

முருகேஸ்வரி கதவைச் சாத்தினார். ஒரு ஏழைப் பையனைக் காப்பாற்றியதாக அவர் இரண்டு வருடம் நினைத்துக்கொண்டிருந்தார். காப்பாற்றப்பட்டது யார் என்பது அந்தப் படியில்தான் அவருக்கு விளங்கியது என்று நினைக்கிறேன். ஆனாலும் கோர்ட்டில் என்ன செய்வது என்று அப்போதும் அவர் முடிவு செய்திருக்கவில்லை. இதை அவரே என்னிடம் சொன்னார்.

கோர்ட் நாளன்று காலை பத்தரைக்கே கூப்பிட்டுவிட்டார்கள். மாஜிஸ்திரேட் ஒரு பெண். தெற்கிலிருந்து மாற்றலாகி வந்தவர், தமிழ் தெரியாது. முருகேஸ்வரி உள்ளதை உள்ளபடி மொழிபெயர்ப்பதாக உறுதி சொல்லிவிட்டுச் சாட்சிக் கூண்டுக்குப் பக்கத்தில் நின்றார். அவர் அங்கே இருப்பதைப் பார்த்ததும் சின்னத்தாயின் முகம் தெளிந்தது. பின் பெஞ்சில் என் பக்கத்தில் இருந்த மோனிஷாவின் முகம் கல்லானது. "இவங்களா?" என்று சத்தமாகவே கேட்டாள். கோர்ட் சிப்பந்தி அவளை அதட்டினார்.

முதலில் சர்க்கார் வக்கீல் கேட்டார். சின்னத்தாய் தயங்கித் தயங்கி, மரம் முனகியது, ஜிஜி விரட்டியது எல்லாம் சொன்னார். முருகேஸ்வரி அப்படியே சொன்னார். பிறகு ஜிஜியின் வக்கீல் எழுந்தார். குரலை உயர்த்தவே இல்லை. முதல் மொழியைக் கையில் வைத்துக்கொண்டு, இப்போது சொன்ன எதுவும் இதில் இல்லையே, இதையெல்லாம் அன்று போலீசிடம் சொன்னீர்களா என்று கேட்டார்.

முருகேஸ்வரி கேள்வியைத் தமிழில் சொன்னார். தணிக்க அதில் ஒன்றும் இல்லை.

சின்னத்தாய் கூண்டின் கட்டையைப் பிடித்துக்கொண்டார். "சொன்னேன்னுதான் நெனச்சுக்கிட்டு இருந்தேன் சார். நா சொல்லலன்னு முருகேஸ்வரியக்கா சொல்லுது. அது பொய் சொல்லாது. அப்ப நாந்தான் சொல்லாம விட்டிருப்பேன். மரத்தடியிலயும் நா சொன்னேனான்னு இப்ப எனக்கு நிச்சயமில்ல."

எல்லோரும் முருகேஸ்வரியைப் பார்த்தார்கள், அவர் சொல்லட்டும் என்று. எனக்கு இரண்டு மொழியும் தெரியும் என்பதால் அந்த நிமிடம் மிக நீளமாக இருந்தது. அவர் இங்கே இரண்டு வார்த்தையை விட்டுவிட்டால் போதும். "நினைவில்லை" என்று ஒற்றைச் சொல்லில் முடித்துவிடலாம். வக்கீலுக்கு அதுவே போதுமானது. சின்னத்தாய்க்குத் தெரியாது, மோனிஷா பின் பெஞ்சிலிருந்து கத்தினாலும் யாரும் கேட்கப்போவதில்லை. யாருக்கும் எந்த நஷ்டமும் தெரியவந்திருக்காது.

முருகேஸ்வரி மலையாளத்தில் சொன்னார். ஒரு வார்த்தை குறையாமல் சொன்னார். தன் பெயரையும் சொன்னார். அது பொய் சொல்லாது என்பதையும் சொன்னார்.

மாஜிஸ்திரேட் நிமிர்ந்து பார்த்தார். முருகேஸ்வரி யார் என்று கேட்டார்.

"நான்தான்."

முருகேஸ்வரி முதலில் மலையாளத்திலேயே சொன்னார்: அன்று ஸ்டேஷனில் மொழிபெயர்த்தது நான். இவர் எல்லாவற்றையும் சொன்னார். நான்தான் சொல்லவில்லை. பிறகு, யாரும் கேட்காமலே, கூண்டைப் பார்த்துத் தமிழில் சொன்னார். "நீ சொன்ன சின்னத்தாயி. ரெண்டு தடவ சொன்ன. நாந்தான் விட்டுட்டேன்."

சின்னத்தாய் கட்டையிலிருந்து கையை எடுக்கவில்லை. அவர் வாய் மட்டும் திறந்து மூடியது. மாஜிஸ்திரேட் முருகேஸ்வரியை இறங்கச் சொல்லி, வேறு மொழிபெயர்ப்பாளரை ஏற்பாடு செய்யச் சொல்லி, கேசைத் தள்ளிவைத்தார்.

மூன்று வாரம் கழித்து முருகேஸ்வரி சாட்சியாகக் கூண்டில் ஏறினார். மலையாளத்திலேயே பதில் சொன்னார். ஜிஜியின் வக்கீல் அவரிடம் நாலைந்து கேள்விதான் கேட்டார். இதுபோல வேறு ஆட்களின் மொழியிலும் விட்டிருக்கிறீர்களா? விட்டிருக்கிறேன். எத்தனை? கணக்கில்லை. சேர்த்தும் சொன்னதுண்டா? சில சமயம், மரியாதைக்காக. தேர்தலில் நிற்பதாக இருந்தீர்களா? ஆமாம். இப்போது? இல்லை. அப்படியென்றால் அன்று சொன்னது பொய், இன்று சொல்வது உண்மை என்று எதை வைத்து நம்புவது? ஜிஜி குற்றவாளிக் கூண்டில் தரையைப் பார்த்தபடி நின்றான்.

கட்சி வேறொரு பெண்ணை நிறுத்தியது. பழனிச்சாமி வழியில் பார்த்தால் பேசுவார். மழையைப் பற்றி, காய் விலையைப் பற்றி. வீட்டுக்கு வருவதில்லை. ஆபீசுகளுக்குப் போக இப்போது யாரும் முருகேஸ்வரியைக் கூப்பிடுவதில்லை. படித்த பிள்ளைகளைக் கூட்டிப் போகிறார்கள், இல்லாவிட்டால் திக்கித் திக்கித் தாங்களே பேசுகிறார்கள். அதைக்கூட அவர் தாங்கிக்கொண்டிருப்பார். ஒருநாள் செபமாலையம்மாள் வந்தார். புருஷனின் தம்பி அவர் கையை அடித்து முறித்ததற்கு அவனுக்குத் தண்டனை வாங்கிக் கொடுத்தவர். அந்த மொழியையும் முருகேஸ்வரிதான் போலீசிடம் மலையாளத்தில் சொல்லியிருந்தார். கோர்ட்டில் நடந்ததைக் காட்டி அவன் இப்போது அப்பீல் போட்டிருக்கிறான்.

செபமாலையம்மாள் சத்தம் போடவில்லை. வளைந்து ஒட்டிய கையை நீட்டிக் காட்டினார். "ஏங் கேசுலயும் எதையாச்சும் விட்டியாக்கா?"

முருகேஸ்வரி அந்தக் கையைப் பார்த்தார். "கொஞ்சம்" என்றார்.

செபமாலையம்மாள் சேலைத் தலைப்பால் கையை மூடிக்கொண்டு போய்விட்டார்.

தீர்ப்பு போன மாதம் வந்தது. முதல் மொழியையும் நம்ப முடியவில்லை, அதைத் திருத்திச் சொன்னவரையும் நம்ப முடியவில்லை, தானே உறுதியில்லை என்று சொல்லிவிட்ட சாட்சியை வைத்தும் தண்டிக்க முடியாது. சந்தேகத்தின் பலன் என்று ஜிஜியை விட்டுவிட்டார்கள். மேனேஜர் அன்று கோர்ட்டுக்கே வரவில்லை. வர வேண்டிய தேவையும் அவருக்கு இல்லை.

பூப்பாறை போகும் பஸ்சுக்காக நாங்கள் நாலு பேரும் ஒரே நிறுத்தத்தில் நின்றோம். தூறிக்கொண்டிருந்தது. மோனிஷா அத்தையின் தலைக்குமேல் குடையைப் பிடித்திருந்தாள். முருகேஸ்வரி இரண்டு அடி தள்ளி நனைந்துகொண்டு நின்றார். கடைசியில் அவர்தான் பேசினார்.

"அன்னைக்கே ஒம் மொழிய அப்படியே சொல்லியிருந்தா..."

"கேசு கெடக்கட்டும்" என்றார் சின்னத்தாய். முருகேஸ்வரி பக்கம் திரும்பாமல், ரோட்டைப் பார்த்தே பேசினார். "கேசு எப்படியும் தோத்திருக்கும். அவுக பெரிய ஆளுக. நீ அன்னைக்கி விட்டதுகூடக் கெடக்கட்டும். பயந்திருப்ப, எரக்கப்பட்டிருப்ப. ஆனா மோனிசா வந்து கேட்டப்ப நா ஒம் மூஞ்சியத்தான் பாத்துக்கிட்டு நின்னேன். நீ பீன்ஸ வெட்டிக்கிட்டு இருந்த. அதுக்கப்புறம் ஒரு வருசம் தெனமும் எம் மதினிகிட்ட மன்னிப்புக் கேட்டேன். வாயத் தொறக்காம ஒன்னய சாகக் குடுத்துட்டனேன்னு. நீ சுவத்துக்கு அந்தப் பக்கம் கேட்டுக்கிட்டுத்தான இருந்த?"

"கேட்டேன்" என்றார் முருகேஸ்வரி.

பஸ் வந்தது. கூட்டம் இல்லை, எல்லோருக்கும் இடம் இருந்தது. முருகேஸ்வரி ஒதுங்கி நின்று, "ஏறு, நனையாத" என்றார்.

"நீ போ. நா அடுத்ததுல வாரேன்."

அடுத்த பஸ் ஒன்றரை மணி நேரம் கழித்துத்தான். அது இருவருக்கும் தெரியும். கண்டக்டர் பெல் கயிற்றைப் பிடித்துக்கொண்டு, ஏறுகிறீர்களா இல்லையா என்று மலையாளத்தில் கேட்டார். நான் முதலில் ஏறினேன், பின்னால் முருகேஸ்வரி ஏறினார். ஜன்னலோரத்தில் இடம் இருந்தும் உட்காராமல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். சின்னத்தாய் குடையை மோனிஷாவின் கையிலிருந்து வாங்கி, அவள் நனையாதபடி பிடித்துக்கொண்டு ரோட்டோரமாகவே நின்றார்.